பர்மாவா, மியான்மரா, மியன்மாவா? அயல்நாட்டுப் பெயர்களைத் தமிழில் எழுதுவது குறித்து

பதிவு 1: மெய்ப்புநோக்கி

அனைவருக்கும் வணக்கம். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களைப் பற்றிய கட்டுரைத் தொகுப்பு ஒன்றுக்கு மெய்ப்புத் திருத்தி வருகிறேன். கட்டுரையாளர்கள் ஒவ்வொருவரும் நாட்டின் பெயரை ஒவ்வொரு விதமாக எழுதியிருக்கிறார்கள். ஒருவர், 1942இல் சப்பானியப் படைகளுக்கு அஞ்சிக் காட்டுவழியே கால்நடையாக வந்தவர்களை 'மியான்மரிலிருந்து வந்தவர்கள்' என்கிறார். அப்படியொரு நாட்டுப்பெயரை அவர்களில் எவரும் தமிழில் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதால் அது எனக்கு உறுத்துகிறது. வேறொருவர், 2021 பிப்ரவரி ஆட்சிக் கவிழ்ப்பைப் பற்றி எழுதும்போதும் வேண்டுமென்றே 'பர்மா' என்றே எழுதுகிறார். பதிப்பகத்தாரோ, ஐக்கிய நாடுகள் அவை எந்தப் பெயரை ஏற்றிருக்கிறதோ அதையே நூல் முழுவதும் போட்டுவிடலாம் என்கிறார்கள். ஒரு நாட்டின் பெயரைத் தமிழில் முடிவு செய்யும் உரிமை யாருக்கு உண்டு: அந்நாட்டு அரசுக்கா, அந்நாட்டு மக்களுக்கா, தமிழ் வழக்குக்கா? இதே பதிப்பகத்தின் இன்னொரு நூலில் 'துருக்கி'யைத் 'துருக்கியே' என்று மாற்ற வேண்டுமா என்ற கேள்வியும் நிற்கிறது.

பதிவு 2: செய்திமேசை

நாளிதழ் ஒன்றில் வெளிநாட்டுப் பக்கத்தை நெடுங்காலம் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு நாடு தன் பெயரை மாற்றிக்கொண்டு உலகுக்கு அறிவித்துவிட்டால் அதை ஏற்பதே நாகரிகம். மேல் வோல்ட்டா 1984இல் புர்கினா ஃபாசோ ஆனபோது எவரும் வழக்காடவில்லை. தாகோமி பெனின் ஆனதும், சுவாசிலாந்து 2018இல் எஸ்வாத்தினி ஆனதும் அப்படித்தான். மாற்றியது நல்ல அரசா, கெட்ட அரசா என்று ஆராய்ந்து பெயர் வழங்கத் தொடங்கினால் உதவி ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் ஒரு வெளியுறவுத் துறை நடத்த வேண்டியிருக்கும்.

பதிவு 3: அக்கரைச்சீமை

ஐயா, தங்கள் வாதத்தில் ஒரு சிறு வசதி ஒளிந்திருக்கிறது. தாங்கள் காட்டிய நாடுகளில் தமிழருக்கு வேரூன்றிய பழக்கம் எதுவும் இல்லை. ஆகவே எந்தப் பெயரை மாற்றினாலும் நமக்கு வலிக்கவில்லை. பர்மாவின் கதை வேறு. ஐராவதி வடிநிலத்தின் நெல்வயல்களுக்குக் கடன் கொடுத்த செட்டியார்கள், ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கூலிகள், 1962இல் இராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்த பிறகு கடைகள் நாட்டுடைமையாக்கப்பட்டுக் கப்பலேறி வந்தவர்கள் என்று மூன்று நான்கு தலைமுறைகள் அந்தப் பெயரோடு வாழ்ந்திருக்கின்றன. சென்னைக் கடற்கரைச் சாலையின் பர்மா பஜார், ஊர்தோறும் உள்ள பர்மா காலனிகள், மணிப்பூர் எல்லையில் மோரே ஊரில் தங்கிவிட்ட தமிழர்கள், சென்னைத் தெருவோரத்தின் அத்தோ என்ற நூடுல்ஸ் உணவு எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது பர்மாதான். எங்கள் வீட்டிலும் மியான்மர் என்ற சொல் தொலைக்காட்சியில் மட்டுமே ஒலிக்கும்.

அடுத்து, அப்பெயரை மாற்றியவர் யார் என்பதும் முக்கியம். 1988இல் தெருவில் இறங்கிய மக்களைச் சுட்டு வீழ்த்திய இராணுவக் குழு, மறு ஆண்டு 1989 ஜூன் 18 அன்று ஒரு சட்டத்தைப் போட்டு நாட்டின் பெயரையும் நகரங்களின் பெயர்களையும் மாற்றியது. மக்களிடம் எவரும் கேட்கவில்லை. அதனால்தான் ஆங் சான் சூ கீயின் தரப்பினரும் அமெரிக்க அரசும் நெடுங்காலம் பர்மா என்றே சொல்லிவந்தார்கள். சுட்டவர்கள் வைத்த பெயரை நாகரிகம் கருதி ஏற்க வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை.

பதிவு 4: ஒலியன்

இருவரும் விட்டுவிட்ட ஒரு செய்தி உண்டு. 1989இன் சட்டம் பர்மிய மொழியில் நாட்டின் பெயரை மாற்றவில்லை. 1948இல் விடுதலை பெற்ற நாளிலிருந்தே பர்மிய மொழியில் அதன் முறையான பெயர் 'மியன்மா நைங்ஙன்' என்ற வடிவைத்தான் கொண்டிருந்தது. மாற்றப்பட்டது ஆங்கிலப் பெயர். பர்மியர் எழுத்து நடையில் 'மியன்மா' என்பார்கள், பேச்சில் 'பமா' என்பார்கள். இரண்டும் ஒரே பெயரின் இரு வடிவங்கள் என்பதே பெரும்பாலோர் கருத்து. ஆங்கிலேயர் பேச்சு வடிவைக் கேட்டு எழுதினார்கள். இராணுவம் எழுத்து வடிவைக் கொண்டுவந்து வைத்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், 1930களில் ஆங்கிலேயரை எதிர்த்த 'தொபமா' இயக்கத்தினர், 'மியன்மா' பெரும்பான்மை இனத்தை மட்டுமே குறிக்கும், 'பமா'தான் எல்லா இனங்களையும் தழுவும் என்று வாதிட்டார்கள். 1989இல் இராணுவம் அதையே தலைகீழாக்கி, 'பமா' பெரும்பான்மை இனத்தின் பெயர், 'மியன்மா'தான் அனைவருக்கும் பொது என்றது. சொல்லின் வரலாறு இரண்டு கட்சிக்கும் சான்று சொல்லாது.

இனி நம் எழுத்துக்கு வருகிறேன். 'மியான்மர்' என்று நாம் எழுதும் இறுதி 'ர்' பர்மிய மொழியில் இல்லை. தென் இங்கிலாந்தின் உச்சரிப்பில் உயிரெழுத்துக்குப் பின்வரும் ரகரம் ஒலிக்காது. அங்கே அந்த எழுத்து முன்னுள்ள அகரத்தை நீட்டிச் சொல் என்பதற்கான குறி மட்டுமே. ஆங்கிலத்தில் எழுதியவர்கள் அதை நெடிலுக்காகப் போட்டார்கள். நாம் அதை மெய்யெழுத்தாக வாசித்து, நெடிலைக் குறிலாக்கி, இல்லாத ரகரத்தை ஒலிக்கிறோம். 'பர்மா'வில் உள்ள 'ர்' கூட அப்படி வந்ததே, 'பமா'வில் ரகரம் கிடையாது. உண்மையான ரகரம் வேறிடத்தில் இருக்கிறது: பர்மிய எழுத்தில் அச்சொல் 'ம்ரன்மா' என்றே எழுதப்படுகிறது, அந்த ரகரம் காலப்போக்கில் யகரமாக ஒலிக்கத் தொடங்கியது. ரங்கூனும் அவ்வாறே. எழுத்தில் ரகரம், இன்றைய பேச்சில் யகரம், ஆகவே யாங்கோன். மேற்குக் கடலோரத்தின் அரக்கான் பகுதியின் பேச்சில் மட்டும் பழைய ரகரம் இன்னும் உயிரோடிருக்கிறது. நம் முன்னோர் சொன்ன 'ரங்கூன்' அவ்வளவு பிழையான சொல் அன்று. இராணுவத்தின் சொல்லா, ஆங்கிலேயரின் சொல்லா என்று நாம் மோதிக்கொண்டிருக்கும்போது, நம் கையில் இருக்கும் இரண்டுமே ஆங்கில எழுத்துக்கூட்டலின் படிகள் என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் 'மியன்மா' என்று எழுதுங்கள்.

பதிவு 5: யாழ்வாசி

இலங்கைப் பத்திரிகைகள் பெரும்பாலும் 'மியன்மார்' என்று எழுதுகின்றன. நெடிலாவது தப்பியது என்று ஒலியன் அவர்கள் சற்று ஆறுதல் கொள்ளலாம்.

எமது நாட்டின் பெயரே இந்த விவாதத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. 1972 மே 22 அன்று 'சிலோன்' என்ற பெயர் நீக்கப்பட்டு 'ஸ்ரீலங்கா' வந்தது என்று உலகம் முழுவதும் படிக்கிறார்கள். தமிழில் என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. முன்பும் இலங்கை, பின்பும் இலங்கை. அரசியலமைப்பின் தமிழ் வடிவத்திலும் இன்றுவரை இலங்கைதான். 2011இன் தொடக்கத்தில், அரச நிறுவனங்களின் பெயர்களில் எஞ்சியிருக்கும் 'சிலோன்' என்ற சொல்லையும் நீக்கப்போவதாக அரசாங்கம் அறிவித்தபோது ஆங்கிலப் பத்திரிகைகளில் பெரிய வாதம் நடந்தது. ஆங்கிலத்தில் எப்படியோ, தமிழில் அவை முன்னரே இலங்கை வங்கியாகவும் இலங்கை மின்சார சபையாகவும் இருந்தவை. தமிழ் வாசகனுக்கு நீக்குவதற்கு அங்கே ஏதும் இருக்கவில்லை. தமிழ்நாட்டில்தான் சிலோன் பரோட்டாவும் சிலோன் ரேடியோவும் சிலோனைக் காப்பாற்றின. எங்களூரில் அந்தச் சொல்லைத் தேயிலைப் பெட்டியில்தான் காணலாம்.

ஆகவே எந்த மொழியில் பெயர் மாறியது என்பதை முதலில் கேட்பது நல்லது என்பது என் எண்ணம். ஒரு நாடு தனது ஆங்கிலப் பெயரை மாற்றிக்கொண்டால் அந்தக் கட்டளை ஆங்கிலத்துக்கு உரியது.

பதிவு 6: செய்திமேசை

யாழ்வாசி அவர்களின் கருத்து அழகாக இருக்கிறது. நடைமுறைக்குச் சற்றுக் கடினம். துருக்கி 2021 டிசம்பரில் குடியரசுத் தலைவர் எர்துவானின் சுற்றறிக்கை மூலம் இப்பெயர் மாற்றத்தைத் தொடங்கியது, 2022 ஜூனில் ஐ.நா. ஏற்றது. ஆங்கிலத்துக்கு மட்டும் என்று அவர்கள் சொல்லவில்லையே. தமிழ் மட்டும் ஒதுங்கி நிற்க என்ன நியாயம் காட்டுவோம்?

பதிவு 7: வெண்பலகை

பள்ளியில் புவியியல் நடத்துகிறவன் என்பதால் இந்தக் கேள்வியை மாணவர்களிடமிருந்தே எதிர்கொண்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் அந்நாட்டின் பெயரும் ஒரு பறவையின் பெயரும் ஒன்றாக இருப்பதும், அதே சொல்லுக்கு 'தோல்வியடைந்த முயற்சி' என்ற பேச்சுவழக்குப் பொருள் இருப்பதும் துருக்கியரைப் புண்படுத்தின. தமிழில் அந்தப் பறவை வான்கோழி. எவரும் வான்கோழியைப் பார்த்து இஸ்தான்புல்லை நினைப்பதில்லை. ஐ.நா. அவையிலேயே அரபியிலும் சீனத்திலும் அந்தந்த மொழியின் பழைய வடிவங்கள்தான் தொடர்கின்றன. அவற்றை மாற்றச் சொல்லித் துருக்கி சண்டையிடவில்லை. தமிழை விட்டுவைப்பதில் அவர்களுக்கு வருத்தம் இருக்க வாய்ப்பில்லை.

'துருக்கியே' என்று எழுதினால் நமக்குத்தான் இடர். தமிழில் சொல்லின் இறுதியில் வரும் ஏகாரம் தேற்றத்தையும் (உறுதி) பிரிநிலையையும் (மற்றவற்றிலிருந்து பிரித்தல்) காட்டும் இடைச்சொல். 'பேச்சுவார்த்தையைத் துருக்கியே நடத்தியது' என்று ஒரு மாணவன் எழுதினால், வேறெந்த நாடும் நடத்தவில்லை என்கிறானா, வெறுமனே நாட்டின் பெயரைச் சொல்கிறானா என்று எப்படி அறிவேன்? வேற்றுமை உருபு சேர்த்தால் இன்னும் சங்கடம்: துருக்கியேயில் என்பதா, துருக்கியேவில் என்பதா? 'துருக்கியில்' என்பது பல தலைமுறைகளாக உறுத்தலின்றி ஓடிக்கொண்டிருக்கும் சொல்.

கத்தாரும் இப்படித்தான். அரபியில் இரண்டு அசையும் குறில். ஒலிக்கு நெருக்கமாக எழுதுகிறேன் என்று யாராவது தகரத்தை ஒற்றையாக்கினால் அது 'கதர்' ஆகிவிடும், உலகக் கோப்பையைக் கதர்க் கடையில் நடத்த வேண்டியதுதான். தோகாவில் வேலை பார்க்கும் நம்மவர்களே கத்தார் என்றுதான் சொல்கிறார்கள். இலங்கையினர் கட்டார் என்கிறார்கள். அரபியில் அந்த எழுத்து அழுத்தி ஒலிக்கும் வல்லினம் என்பதால் அதற்கும் ஒரு காரணம் காட்டலாம்.

பதிவு 8: மட்டுறுத்துநர்

இந்தியா, பாரதம் பற்றி இங்கே இடப்பட்ட இரண்டு மறுமொழிகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். இந்த இழை அயல்நாட்டுப் பெயர்களைத் தமிழில் வழங்குவது குறித்தது.

பதிவு 9: அக்கரைச்சீமை

ஒலியன் அவர்களின் பதிவிலிருந்து நிறையக் கற்றேன். ஆயினும் ஒரு மறுப்பு உண்டு. 'இரண்டும் ஒரே சொல்' என்று மொழியியலாளர் சொன்னவுடன் அரசியல் ஆவியாகிவிடுவதில்லை. அதே 1989 சட்டம் கரேன் மாநிலத்தைக் கயின் என்றும், அரக்கானை ரக்கைன் என்றும், மோல்மேனை மாவ்லமியைன் என்றும், பெகுவைப் பகோ என்றும் மாற்றியது. கரேன்களும் மோன்களும் தங்களுக்கென மொழி உடையவர்கள். அவர்களின் ஊர்ப்பெயர்களைப் பர்மிய உச்சரிப்பில் உலகுக்கு அறிவித்ததை வெறும் எழுத்துத் திருத்தம் என்று கடந்துவிட முடியுமா? ஆங்கிலேயரின் பெயரை அகற்றுகிறோம் என்ற போர்வையில் ஒரு பெரும்பான்மை மொழி மற்ற மொழிகளின்மேல் ஏறி அமர்ந்தது. தமிழர்களாகிய நமக்கு இது விளங்காத நடைமுறை அன்று.

பதிவு 10: ஒலியன்

ஒப்புக்கொள்ள வேண்டிய மறுப்பு. ஆனால் அந்த மறுப்பு 'பர்மா' என்ற பெயரைக் காப்பாற்றவில்லை. கரேன் ஒருவருக்குப் பர்மாவும் பெரும்பான்மையினரின் பெயர்தான். இன்னொன்று: 2012இல் ஒபாமா யாங்கோனில் இறங்கி அந்நாட்டுத் தலைவரின் முன்னிலையில் 'மியான்மர்' என்றார், ஆனாலும் அமெரிக்காவின் முறையான வழக்கு மாறவில்லை. 2016இல் ஆட்சிப் பொறுப்பிலிருந்த ஆங் சான் சூ கீ, எந்தப் பெயரைச் சொல்ல வேண்டுமென்று அரசியலமைப்பில் கட்டாயம் ஏதுமில்லை என்று வெளிநாட்டுத் தூதர்களிடம் கூறினார். 2021க்குப் பிறகு இராணுவத்தை எதிர்த்து அமைந்த தேசிய ஒற்றுமை அரசாங்கம் தன் முறையான பெயரில் மியன்மா என்றே வைத்துக்கொண்டிருக்கிறது. எதிர்ப்பாளர்களே கைவிட்ட ஓர் எதிர்ப்பை நாம் மட்டும் தொடர்வது யாருக்காக?

செய்திமேசை அவர்களின் 'நாடு சொல்வதைக் கேள்' என்ற விதியையும் சற்றுச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு மக்கள் தம் நாட்டைத் தாமே அழைப்பதை அகப்பெயர் என்றும், பிறர் அழைப்பதைப் புறப்பெயர் என்றும் வைத்துக்கொள்வோம். அரசுகள் எப்போதும் அகப்பெயரைக் கேட்கின்றன என்று எண்ணுகிறோம், அப்படியில்லை. ஜார்ஜியர்கள் தம் நாட்டைச் 'சகார்த்வெலோ' என்கிறார்கள். ஆனால் அவர்களுடைய அரசு பல நாடுகளிடம் கேட்டுக்கொண்டது, உருசிய வழிவந்த 'குருசியா' என்பதை விட்டுவிட்டு 'ஜார்ஜியா' என்று சொல்லுங்கள் என்பதே. சப்பான் 2015இல் இணங்கியது. ஒரு புறப்பெயரை அகற்றி இன்னொரு புறப்பெயரைக் கேட்டார்கள். 2008இல் உருசியாவோடு போர் நடந்ததை நினைத்தால் காரணம் புரியும். லித்துவேனியா மட்டும் ஒருபடி மேலே போய், அகப்பெயரையே தன் மொழிக்கேற்பத் திருத்திச் 'சகார்த்வெலாஸ்' என்று எழுதுகிறது. கோட் டிவுவார் அரசு 1980களின் நடுவிலிருந்து, தன் பெயரை எம்மொழியிலும் பெயர்க்கக் கூடாது, பிரெஞ்சிலேயே சொல்ல வேண்டும் என்கிறது. தந்தக் கரை என்று பொருள்படும் அப்பெயர், அந்நாட்டை ஆண்டவர்களின் மொழியில் அமைந்தது. அதைக் காப்பதில் விடுதலை பெற்ற அரசே உறுதியாக நிற்கிறது. நாடுகளின் மனம் நாம் வகுக்கும் விதிகளுக்குள் அடங்குவதில்லை.

தமிழின் நிலைமையும் ஒரே சீராக இல்லை. தென்னாப்பிரிக்காவையும் ஐக்கிய அரபு அமீரகத்தையும் மொழிபெயர்க்கிறோம், நியூசிலாந்தை விட்டுவிடுகிறோம். கிழக்குத் திமோர் என்கிறோம். 'திமோர்' என்பதே மலாய் மொழியில் கிழக்கு. சொல் முதலில் சகரக் கூட்டு வராது என்பதற்காக எகரம் முன்சேர்த்து ஸ்பெயினை 'எசுப்பானியா' என்று தமிழ் ஆர்வலர்கள் எழுதப்போக, அது அந்நாட்டினரின் 'எஸ்பான்யா'வுக்கு ஆங்கிலத்தைவிட அருகில் போய் நிற்கிறது.

பதிவு 11: வெண்பலகை

ஆங்கிலத்துக்கு முன்பு பெயர்கள் நமக்கு வேறு வாயில்களாலும் வந்தன என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். தமிழ் விவிலியத்தைத் திறந்தால் தமஸ்கு, லீபனோன், சீப்புருதீவு, மக்கெதோனியா என்ற வடிவங்களைக் காணலாம். எபிரேயத்திலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் நேராகப் பெயர்த்தவர்கள் விட்டுச்சென்றவை அவை. நாளிதழ்கள் அவற்றை டமாஸ்கஸ், லெபனான், சைப்ரஸ், மாசிடோனியா என்று புதிதாக இறக்குமதி செய்தன. கிரேக்கமும் மக்கெதோனியரும் பெயருக்காகப் பல ஆண்டுகள் பூசலிட்டு, 2018இல் பிரெஸ்பா உடன்படிக்கை செய்து, 2019 பிப்ரவரியில் 'வட மக்கெதோனியா' பிறந்தது. அந்த இரு தரப்பினர் வாயிலும் ககரம்தான். சகரம் ஆங்கிலேயரோடு வந்தது. ஞாயிற்றுக்கிழமை சரியாக வாசித்த பெயரைத் திங்கட்கிழமை நாளிதழில் மாற்றி வாசிக்கிறோம். இசுலாமியத் தமிழ் மரபில் சிரியாவுக்குச் சாம், எகிப்துக்கு மிசுறு என்ற பெயர்கள் வழங்கின. எகிப்தை அரபு மக்கள் இன்றும் சொல்வது அப்பெயரால்தான்; சாம் என்ற சொல்லும் அவர்களிடையே வழக்கில் இருக்கிறது.

பதிவு 12: யாழ்வாசி

இரு கரைத் தமிழும் ஒரே பெயரை எழுதுவதில்லை என்பதையும் மெய்ப்புநோக்கி அவர்கள் கணக்கில் எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் நார்வே, ஆஸ்திரேலியா, பிரிட்டன். எங்களுக்கு நோர்வே, அவுஸ்திரேலியா, பிரித்தானியா. ரொறன்ரோ என்று கனடாவில் நாங்கள் எழுதுவதைத் தமிழ்நாட்டவர் எழுத்துக்கூட்டி வாசித்து ஏதோ புதிய நகரம் என்று நினைத்ததுண்டு. யாழ்ப்பாண எழுத்து மரபில் அது நகரத்தின் ஒலியைச் சரியாகவே தருகிறது. ஐ.நா. சொன்னதை எழுதுவோம் என்று பதிப்பகத்தார் கூறுகிறார்கள். ஐ.நா.வின் அலுவல் மொழிகள் ஆறு, அவற்றில் தமிழ் இல்லை; அந்தப் பட்டியலில் நமக்கான எழுத்துக்கூட்டல் கிடைக்காது.

பதிவு 13: மெய்ப்புநோக்கி

அனைவருக்கும் நன்றி. பதிப்பகத்தாருக்கு நான் எழுதவிருப்பது இதுதான். 1989க்கு முந்தைய நிகழ்ச்சிகளைப் பேசும் கட்டுரைகளில் பர்மா, ரங்கூன், மோல்மேன், பெகு ஆகியவை இருக்கட்டும். புலம்பெயர்ந்தவர்களின் வாய்மொழிப் பதிவுகளில் எந்த ஆண்டைப் பற்றிப் பேசினாலும் அவர்கள் சொன்ன சொல்லைத் தொடக்கூடாது. 1989க்குப் பிந்தைய பகுதிகளுக்கு 'மியன்மா' என்று எழுதி, முன்னுரையில் ஒரு பத்தி விளக்கம் தரலாம். 2021 பற்றிய கட்டுரையில் பர்மா என்பது ஆசிரியரின் நிலைப்பாடு என்பதால் அது அப்படியே நிற்கும். துருக்கி, துருக்கியாகவே இருக்கும். ஏகாரம் இங்கே தேற்றம்.

இன்னும் ஒன்று மட்டும் தீரவில்லை. அரக்கான் பற்றிய கட்டுரை 1940களில் தொடங்கி 2017 வரை வருகிறது. நடுவில் பெயரை மாற்றினால் வாசகர் இரு மாநிலங்கள் என்று எண்ணக்கூடும்.

பதிவு 14: செய்திமேசை

'மியன்மா' என்றால் இணையத்தில் தேடுகிற எவருக்கும் உங்கள் நூல் அகப்படாது. பெயரடைவிலாவது மியான்மர் என்ற பதிவை வைத்து, மியன்மாவைக் காண்க என்று குறியுங்கள்.

பதிவு 15: அக்கரைச்சீமை

அரக்கான் என்றே முழுவதும் எழுதுங்கள். ரக்கைன் என்பதை எதிர்ப்பதற்காகச் சொல்லவில்லை. அம்மக்களும் தம்மை ரக்கைன் என்றே அழைத்துக்கொள்கிறார்கள், பர்மியர் வாயில் அது யக்கைன் ஆகிறது. ஆனால் 2009இல் அம்மாநிலத்தவர் தொடங்கிய ஆயுதக்குழு ஆங்கிலத்தில் தன்னை அரக்கான் படை என்றே அழைத்துக்கொள்கிறது; அங்குள்ள முசுலிம் சிறுபான்மையினரான ரோகிங்கியரும் அப்பகுதியை அரக்கான் என்கிறார்கள். எதிரெதிராக நிற்கும் இரு தரப்பினரும் வழங்கும் பெயர் வேறெதுவும் எனக்குத் தெரிந்து அங்கே இல்லை.

அந்தக் கட்டுரையில் மாநிலத்தின் பெயரைவிட மக்களின் பெயரைக் கவனமாகப் பாருங்கள். ரோகிங்கியர் என்ற சொல்லை அந்நாட்டு அரசுகள் ஏற்பதில்லை; அவர்களை வங்காளிகள் என்றே குறிக்கின்றன, அரசு ஏற்ற 135 இனங்களின் பட்டியலிலும் அவர்கள் இல்லை. கட்டுரையாளர் அரசு ஆவணங்களிலிருந்து எடுத்தாண்ட பத்திகளில் 'வங்காளிகள்' என்று வந்தால் அது மேற்கோள் குறிக்குள் இருக்கிறதா என்று ஒவ்வோர் இடமாகச் சரிபாருங்கள். குறி விடுபட்டால் அது நூலின் கூற்றாகிவிடும்.